சாலைக்கடை அழகியநம்பி மஞ்சள் பட்டையோடு பொருத படலம்

வாழ்க அழகியநம்பி! மலையாளச் சீமையின் தலைநகரில், கோட்டைக்குக் கிழக்கே, குடையோடு குடை இடிக்கும் சாலைக் கடைத்தெருவின் நட்டநடுவில், தவலைகள் மதில்களாகவும் இட்லிக் கொப்பரைகள் கொத்தளங்களாகவும் எழுந்து நிற்கும் எவர்சில்வர்க் கோட்டைக்குள், ஒரே நாற்காலியில் ஒரே முழங்காலை மடித்து ஊன்றி எத்தனையோ ஓணம் கண்ட ஏந்தல் வாழ்க! மொத்த வியாபாரிகளின் முதல் விலையை முறுவலாலேயே முறித்த முகத்தான் வாழ்க! மனைவி பிறந்த நாங்குநேரித் திசையில் தலைவைத்தும் படுத்தறியாத திண்தோள் வணிகன் வாழ்க!

இந்தக் கடைசிப் பெருமை மட்டும் அவன் மனைவி செண்பகவல்லிக்குப் பிடிக்கவில்லை. கடைக்குச் சற்றுத் தள்ளிக் கரமனையில் உள்ள இல்லத்தின் அரசியான அவள், பிறந்த வீட்டுக் கல்யாணங்களுக்கும் வளைகாப்புகளுக்கும் காதுகுத்துகளுக்கும் தனியாகவே பஸ் ஏறி, தனியாகவே போட்டோவுக்கு நின்று, “அத்தான் வரலியா?” என்று எட்டுத் திக்கிலிருந்தும் பாயும் கேள்விக்கணைகளைத் தன்னந்தனி மார்பில் தாங்கித் தழும்பேறியவள். இப்போது அவள் தம்பி வன்னியராஜ் புதுவீடு கட்டியிருந்தான். மறுநாள் பால்காய்ப்பு. இந்த முறையும் தனியாகப் போக வேண்டி வந்தால் அதன்பின் அவனோடு பேச்சே கிடையாது என்று அவள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் அழகியநம்பியைக் கலக்கியது.

எனவே மன்னவன் பிரகடனம் செய்தான்.

“கடைல கேமரா மாட்டியாச்சு. நம்ம கம்ப்யூட்டர்ல கடை தெரிஞ்சிதுன்னா வாரேன். ஒந்தம்பி வீட்லயும் கம்ப்யூட்டர் இருக்கில்லா, அதுல பாத்துக்கிடுதேன். தெரியலன்னா என்னைய ஒண்ணும் சொல்லப்படாது.”

“தெரிய வைங்க,” என்றாள் செண்பகவல்லி. சூட்கேஸைக் கட்டிலின் கீழிருந்து இழுத்தாள், ஆனால் திறக்கவில்லை.

மதியச் சோறுண்ட மாவீரன், கடையைக் கோலப்பன் என்னும் கணக்கப்பிள்ளையின் கையில் ஒப்படைத்த கவலையோடே கணினியின் முன் அமர்ந்தான். முதலில் அவன் ஏறிய தேர், நரிப் படம் பொறித்த பிரவுசர். கேமராவின் முகவரியைத் தட்டினான். கடவுச்சொல்லை, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் கையால் மறைத்துக்கொண்டு, தட்டினான். திரை திறந்தது. கடை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வெறுங்கட்டங்கள், போர் முடிந்த களத்தில் நாட்டிய நடுகற்களைப் போல நின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

கேமரா மாட்டிய மலையாளத்துப் பையன் ஷிபுவை போனில் அழைத்தான். அந்த வித்தகன் அப்போது வித்துராவில் வேறொரு வீட்டு ஏணியின் உச்சியில், வாயில் ஆணியோடு நின்றிருந்தான்.

“அண்ணாச்சி, நரி உள்ளதுல பாத்தா கிட்டாது கேட்டோ. நீல கலர்ல ஒரு ‘ஈ’ உண்டல்லே? அதுல கேறணும். மேல மஞ்ச கலர்ல ஒரு பட்டை வரும். பிளக்-இன் போடட்டான்னு கேக்கும். அது வந்தாத்தான் படம் வரும்.”

நரித்தேரினின்று இழிந்து நீலத்தேர் ஏறினான் நம்பி. அந்தோ, வந்தது மஞ்சள் பட்டை! அதிகாலைக் கதிரவன் அகத்தியமலை முகட்டில் ஒரு கோடாக எட்டிப் பார்ப்பதைப் போலத் திரையின் உச்சியில் அது தோன்றியது. தோன்றியதோடு நில்லாமல், ‘இந்தத் தளம் உங்கள் கணினியில் ஒன்றை நிறுவ விரும்புகிறது, நிறுவலாமா?’ என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். சாலைத்தெருவில் பிழைத்தவன் எவனும் முதல் கேள்விக்குச் சரி சொல்லமாட்டான். குக்கர் ஏஜென்ட் வந்து நின்றால் வேண்டாம் என்பான். ஏஜென்ட் பையைத் தூக்கினால் மோரைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மறுபடியும் வேண்டாம் என்பான். பாத்திரம் வாங்க வந்தவளும் அப்படித்தான், விலை கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினால்தான் கடைக்காரன் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து விலையை இறக்குவான். இவ்வாறு வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லையே வாளாகவும் கேடயமாகவும் ஏந்தி வாழ்ந்த வம்சத்தில் வந்த அழகியநம்பி, மஞ்சள் பட்டையை மேலும் கீழும் பார்த்தான். வேண்டாம் என்று அழுத்தினான்.

பட்டை மறைந்தது. பக்கத்தைப் புதுப்பித்தான். மறுபடியும் வந்து, அதே சொற்களால், அதே பணிவோடு கேட்டது. இம்மியும் இறங்கி வரவில்லை. ‘பழம் தின்னு கொட்டை போட்டவனா இருப்பான்போல,’ என்று எதிரியை உள்ளூர மதித்த நம்பி மீண்டும் வேண்டாம் என்றான். மூன்றாம் முறை, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்கு நிகரான பேராயுதம் ஒன்று அங்கே இருப்பதைக் கண்டான்: ‘ஒருபோதும் நிறுவாதே.’ அதை எய்தான். எய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, பட்டை பின்னாலேயே ஓடிவரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை. பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும், மானமுள்ள மருமகனைப் போல அது அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“வந்தோ அண்ணாச்சி?” என்றான் ஷிபு, மறுபடி அழைத்தபோது.

“வந்துச்சு. வேண்டாம்னுட்டேன்.”

“ஐயோ, எந்தினா?”

“கேட்ட ஒடனே சரின்னா நம்மளப் பத்தி என்னடே நெனைக்கும்?”

மறுமுனையில் வாயிலிருந்த ஆணி விழும் ஓசையும் அதைத் தொடர்ந்து மூச்சு முட்டிய சிரிப்பும் கேட்டன.

“அது ஏஜென்ட் அல்ல அண்ணாச்சி! இனி அது தானா வராது. செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல கேறி எல்லாம் தாழ்த்தணும்.”

தாழ்த்தினான். பிளக்-இன்னைத் தடுக்கும் காவல் ஒவ்வொன்றையும், ஷிபு ஏணியிலிருந்து சொல்லச் சொல்ல, தன் விரலாலேயே நீக்கினான். ஒருபோதும் வேண்டாம் என்று தான் பொறித்த சாசனத்தைத் தானே அழித்தான். ஆன்டிவைரஸ் என்னும் வாயிற்காவலன் ‘ஆபத்து, ஆபத்து’ என்று செந்நிறப் பலகை தூக்கி அலற, அவனையும் உறங்கவைத்தான். கடையைக் கள்வரிடமிருந்து காக்கும் கண்ணைக் காண்பதற்காகக் கணினியின் கதவையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு நடு வாசலில் நின்றான் அந்த எச்சரிக்கைக்குப் பேர்போன வணிகன். செண்பகவல்லி பின்னால் வந்து நின்றாள்.

மஞ்சள் பட்டை திரும்பி வந்தது. கேட்டது.

வாழ்நாளில் முதன்முறையாக, பேரமின்றி, முதல் கேள்விக்கே, அழகியநம்பி சரி என்றான். அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

கடலைக் கடைந்ததுபோலச் சிறு வட்டம் ஒன்று சுழன்றது. கணினி தன்னை அணைத்துக்கொண்டு மறுபிறவி எடுத்தது. பின்னர் நான்கு கட்டங்களும் நான்கு சாளரங்களாகத் திறக்க, ஆகா, தெரிந்தது கடை! தவலைகள் தெரிந்தன. படியில் கழற்றிய செருப்புகள் தெரிந்தன. ஃபேன் முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு பெண்மணி குடத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல் கொட்டாவி விடும் கோலப்பன் தெரிந்தான். சந்திரனைக் கண்ட அல்லிபோல நம்பியின் முகம் விரிந்தது. பின்னால் சூட்கேஸ் திறக்கும் ஓசை கேட்டது.

“அப்பம் காலைல அஞ்சர பஸ்ஸு,” என்றாள் செண்பகவல்லி.

போனை ஸ்பீக்கரில் போட்டு வெற்றிச் செய்தியை ஷிபுவுக்குச் சொன்னவன், போகிற போக்கில் ஒன்று கேட்டான். “மச்சினன் வீட்ல அந்த நீல ‘ஈ’யத் தொறந்தாப் போதும்லா?”

“போதாதே அண்ணாச்சி. பிளக்-இன் இந்தக் கம்ப்யூட்டர்லயாக்கும் போட்டது. அவிட உள்ளதுல எல்லாம் ஒண்ணூடி மொதல்ல இருந்து செய்யணும்.”

செண்பகவல்லியின் கையில் மடித்த பட்டுச்சேலை பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பட்டுக்கரை வேட்டியும் பழத்தட்டும் நிறைந்த அந்தப் புதுவீட்டு முற்றத்தில், மைத்துனன் காண, மாமியார் காண, சகலை காண, மஞ்சள் பட்டை வந்து கேட்க, கேட்ட உடனே தான் சரி சொல்லும் இழிநிலை அவன் மனக்கண்ணில் விரிந்தது. மனைவிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுக்க, சாலைத்தெருவின் மானம் மறுபக்கம் இழுக்க, இரு யானைகளுக்கிடையே கட்டிய கயிறெனத் துடித்த அவன், சட்டென எழுந்தான், மேசைக்கடியில் குனிந்தான், வீடு அதிர முழங்கினான்:

“ஏ செம்பகம், அந்தப் பழைய போர்வைய எடு!”

மறுநாள் காலை திருநெல்வேலி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் செண்பகவல்லி ஜன்னலோரமும், போர்வை சுற்றிய சி.பி.யு. நடுவிலும், அழகியநம்பி ஓரத்திலுமாக உட்கார்ந்து நாங்குநேரிக்குப் போனார்கள்.