ஒரே டிக்கில் நித்திரையடைந்தவர்கள்

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போனது. எப்போதிலிருந்து என்றுகூடத் துல்லியமாகச் சொல்வேன். என் அப்பா அம்மாவின் திருமண வெள்ளிவிழா அன்று, சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி.

வருடம் 1998. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான் பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றரை வருடம் படித்து, சர்டிஃபிகேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அப்பா ரயில்வேயில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஷெட்டில் சூப்பர்வைசர். அவரைப் பொறுத்தவரை உத்தியோகம் என்றால் ரயில்வே, அது கிடைக்காத பாவிகளுக்கு பேங்க்.

"வெள்ளிவிழா வரைக்கும் டைம் தர்றேன் ஷீலா. அதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியால ஒரு உபயோகம் இருக்குன்னு காட்டு. இல்லேன்னா மறுநாளே பேங்க் எக்ஸாம் கோச்சிங்ல சேர்ற. ஃபாரம் வாங்கி வெச்சாச்சு" என்றார்.

வாங்கித்தான் வைத்திருந்தார். பேர் வரைக்கும் நிரப்பியும் வைத்திருந்தார். எனக்கோ கூட்டல் கணக்கென்றாலே தலை சுற்றும். அந்த ஃபாரத்திடமிருந்து தப்பிக்கத்தான் நான் ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தேன்.

வீட்டில் இருந்த ஆல்பங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுவது என்பது திட்டம். இடது பக்கம் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை மௌஸால் தொட்டால் வலது பக்கம் அது பெரிதாகத் தெரியும். அதன் கீழே விவரங்கள்: பெயர், உறவு, இடம், வருடம், குறிப்பு. அங்கேயே திருத்தலாம். கடைசியாக, இறந்துபோனவர்களுக்காக 'நித்திரை' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டால் படத்தைச் சுற்றிக் கறுப்பு பார்டர் தானாக வரும். கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற எழுத்தும், பக்கத்தில் குட்டியாக ஒரு சிலுவையும் வரும். (அந்த பார்டருக்காக மட்டும் நான்கு நாள் உழைத்தேன். இழவு விஷயத்தில்தான் எனக்கு எவ்வளவு கலை உணர்ச்சி!)

படங்களை ஸ்கேன் செய்து கொடுத்தவர் ஸ்டேஷன் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த செல்வராஜ் அண்ணன். பெரியவராக மதித்து அவரிடம் ஒருநாள் என் சாஃப்ட்வேரைக் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சேவ் பண்ற பட்டன் எங்க கீது?"

"அதெல்லாம் தேவையே இல்லைண்ணா. மாத்தினா மாத்தினதுதான். அப்பவே ஏறிடும்."

"தப்பா மாத்திட்டா?"

"ஏன் தப்பா மாத்தணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்படி இல்ல பாப்பா. பிரிண்டு கெட்டுப்போச்சுன்னா நாங்க இன்னா பண்ணுவோம்? நெகட்டிவ் கீது, இன்னொண்ணு போட்டுக்குவோம். ஒன் ஆல்பத்துக்கு நெகட்டிவ் எங்க?"

நான் சிரித்தேன். நெகட்டிவாம்! கம்ப்யூட்டர் யுகத்தில் நெகட்டிவைத் தேடுகிறாரே, பாவம் என்று அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிவிழா நாள் வந்தது. வாசலில் சாமியானா, தெருவெல்லாம் நாற்காலி. ஆறு மணிக்குப் பாஸ்டர் வந்து ஸ்தோத்திர ஜெபம், அப்புறம் பிரியாணி. கம்ப்யூட்டரை முன் ஹாலில் வைத்தோம். வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மேஜை வெறிச்சென்று இருக்கிறதென்று அம்மா மானிட்டருக்கு மல்லிகைச் சரம் சுற்றி, பக்கத்தில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள். அழகாக இருந்தது.

மத்தியானம் எனக்கொரு ஆசை வந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுதிய என் பெயர் எங்குமே இல்லையே! எல்லாப் படங்களையும் மொத்தமாக செலக்ட் செய்தேன். குறிப்பு என்ற இடத்தில் 'தொகுப்பு: ஷீலா, பி.எஸ்ஸி.' என்று அடித்தேன். ஒரே தட்டில் எல்லாப் படத்துக்கும் என் பெயர் ஏறிவிட்டது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

இங்கேதான் என் மேதைமையை விளக்க வேண்டியிருக்கிறது. செலக்ட் ஆன படங்கள் கண்ணை உறுத்தக் கூடாதென்று அவற்றுக்கு வெளிர் சந்தன நிறம் கொடுத்திருந்தேன். பின்னணியும் ஏறக்குறைய அதே சந்தனம். வேறொரு படத்தைத் தொட்டாலும் பழைய செலக்‌ஷன் விடுபடாது; அதற்கென்று ஒரு பட்டனை எங்கோ மூலையில் வைத்திருந்தேன். வலது பக்கத்திலோ கடைசியாகத் தொட்ட படத்தின் விவரம் மட்டும் தெரியும். அதாவது என் சாஃப்ட்வேர் காட்டுவது ஒருத்தரை, திருத்துவது எல்லாரையும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குரோம்பேட்டையிலிருந்து சித்தி வந்தாள். சித்தப்பா தவறி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசேஷ வீட்டுக்கு அவள் வந்ததே பெரிசு.

"சித்தப்பா படம் இருக்காடி இதுல?"

தொட்டுக் காட்டினேன். வண்டலூர் ஜூவில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாத்தாவுக்கெல்லாம் போட்டிருக்கியே, அது மாதிரி இவருக்குப் போடலியா?"

"மறந்துட்டேன் சித்தி" என்று டிக்கைப் போட்டேன். கறுப்பு பார்டர் பாந்தமாக வந்து உட்கார்ந்தது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அப்பாவிடம், "ஆளுங்க வந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கப்பா, படம் தானா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் புடவை கட்டப் போனேன்.

கொசுவத்தைச் செருகும்போது ஹாலிலிருந்து ஒரு கேவல் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறார்கள், என் சாஃப்ட்வேர் அவர்கள் மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால், ஹாலில் ஒரு கூட்டம் பேயறைந்த மாதிரி நிற்கிறது. முதலில் வந்தவர் அம்மாவின் பழைய சிநேகிதி ரூபி அத்தை. பல வருடம் கழித்து வந்தவர். வாசலில் அவர் கண்ணில் பட்டது மல்லிகைச் சரம், மெழுகுவத்தி, கறுப்பு பார்டருக்குள் மாப்பிள்ளைக் கோலத்தில் அப்பா. அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாக்கியம்!" என்று கதறிக்கொண்டிருந்தார். அப்பா பின்னாலிருந்து, "ரூபி, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். அதற்கு அவர் இன்னும் பெரிதாக அலறினார்.

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணக் கோலத்தில் அம்மா: நித்திரையடைந்தார். முதல் பிறந்தநாள் கேக்கோடு நான்: நித்திரையடைந்தார். எங்கள் நாய் ஜிம்மி: அதுவும் மரியாதையோடு நித்திரையடைந்தார். சர்ச் பாடகர் குழு மொத்தமாக ஒரே பார்டருக்குள் வாயைத் திறந்தபடி நித்திரையடைந்தார். ஒவ்வொன்றின் கீழும் கொலைகாரியின் கையெழுத்தைப் போல, 'தொகுப்பு: ஷீலா, பி.எஸ்ஸி.'

அடுத்ததாக அப்பா புலிக்கூண்டுக்கு முன்னால் நிற்கிற படம் வந்தது. 'வண்டலூர். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

கூட்டத்தில் யாரோ மெதுவாக, "ஐயையோ, புலியா?" என்றார்கள்.

செல்வராஜ் அண்ணன் கழுத்தில் கேமராவோடு வந்து நின்றார். "இன்னா பாப்பா, நான் கலர்ல எட்த்துக் குட்த்தா நீ எல்லாத்துக்கும் கருமாதி பண்ணி வெச்சிக்கீறியே?" நெகட்டிவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

அதே நேரத்தில் பாஸ்டர் உள்ளே நுழைந்தார். திரையில் அவருடைய படம். மெதுவாகப் படித்தார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

"ஏம்மா ஷீலா, இன்னும் ஜெபமே பண்ணலியே. அதுக்குள்ள அனுப்பிட்டியா?"

அப்புறம் சிரிப்பு வெடித்தது. ரூபி அத்தைகூடச் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"முதல்ல என்னை எழுப்பிவிடும்மா. நித்திரையில இருக்கறவன் எப்படி ஸ்தோத்திரம் பண்றது?" என்று பாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மொத்தமாக டிக்கை எடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதற்குத்தான் கையை நீட்டினேன். அப்பா பாய்ந்து வந்து மௌஸைப் பிடித்தார். "மொத்தமா நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் தாயே. தாத்தா பாட்டியெல்லாம் எழுந்து வந்துடப் போறாங்க. ஒவ்வொண்ணா எடு."

மூலையில் இருந்த பட்டனைத் தட்டித் தட்டிப் பழைய செலக்‌ஷனை விடுவித்து, ஒவ்வொன்றாக எடுத்தேன். விஷயம் தெரிந்ததும் ஜனங்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். "என்னையும் எழுப்பி விடு ஷீலா." "எனக்கு ட்ரெயினுக்கு நேரமாகுது, சீக்கிரம் உயிர் குடும்மா." பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சும்மா போகவில்லை. "இது தாம்பரம் இல்ல, மாடம்பாக்கம் வீட்டு மாடி." "இவன் ஸ்டீபன் இல்ல, அவன் தம்பி." மூன்று மாதமாக நான் கெஞ்சிக் கேட்டும் யாரும் சொல்லாத விவரமெல்லாம் அன்று தானாக வந்து விழுந்தது. ஜெபம் முக்கால் மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது. பாஸ்டரே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சித்தி வந்து உட்கார்ந்தாள். அவள் படத்தை ஏற்கெனவே சரி செய்துவிட்டிருந்தேன்.

"என்ன சித்தி?"

"எல்லாரும் எழுந்துட்டாங்க. அவர் மட்டும் கட்டத்துக்குள்ள நிக்கிறாரு. இன்னைக்கு ஒருநாள் எடுத்துடேன்."

எடுத்தேன். பார்டர் போய், தொப்பியோடு சித்தப்பா வெயிலில் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். அவர் போனதற்கு அப்புறம் அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பின்னாலிருந்து அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நானே அந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தேன். தோற்றவள் தோற்றவள்தானே.

அப்பா காபியை ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம். பேங்க்ல போய் நீ ஒரு டிக்கு போட்டா தாம்பரமே திவாலாயிடும். வீட்டோட போகட்டும். நீ இந்தப் பொட்டியையே பாரு."

அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இத்தனை வருடமும் படங்களைக் காட்டுகிற, திருத்துகிற சாஃப்ட்வேர்தான் எனக்குச் சோறு போடுகிறது. கூட வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு என்னைக் கண்டால் அலுப்பு. எந்த டிசைனைக் கொண்டு வந்தாலும் நான் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டு: எத்தனை படம் செலக்ட் ஆகியிருக்கிறது என்று பெரிய எழுத்தில் எங்கே தெரிகிறது? செய்ததைத் திரும்பப் பெற பட்டன் எங்கே? இரண்டாவது கேள்வி செல்வராஜ் அண்ணனுடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டிலும் சும்மா விடுவதில்லை. சொந்தக்காரர் யாராவது இரண்டு நாள் ஃபோனை எடுக்கவில்லை என்றால், "ஷீலா ஏதாவது டிக்கு போட்டாளா பாரு" என்பார்கள். போன வருடம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நர்ஸ் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா படுக்கையிலிருந்து தலையைத் தூக்கிச் சத்தமாகக் கேட்டார்:

"சிஸ்டர், இது எனக்கு மட்டுமா, இல்ல வார்டுல இருக்கற எல்லாருக்குமா?"