முதலில் நீங்கள் உட்காருங்கள்

பணிவு என்னும் அரும்பொருளை மனித குலம் கண்டெடுத்த நாள் முதலாக, அதை விஸ்கான்சின் மாநிலத்து நீதிமன்றப் படிக்கட்டு வரை கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை, பாஸ்டர் கரோலின் லிண்ட்க்விஸ்ட் தலைமையிலான ‘நிறச் சமத்துவத்துக்கான சர்வமத நீதிக் குழு’வையே சேரும்.

கறுப்பினப் பெண்ணான ஒடெஸா பெட்வேயின் மகன் லமார், கார் கண்ணாடியை உடைத்ததாகச் சிறையில் இருந்தான். வழக்கு முடியும்வரை அவன் வீட்டில் இருக்கலாமா, உள்ளேயே கிடக்க வேண்டுமா என்று அன்று காலை தீர்ப்பு. “இந்த ஜட்ஜ் பார்வையாளர் பெஞ்சத்தான் பாப்பாரு. பையனுக்குன்னு நாலு பேர் வந்திருந்தா விட்ருவாரு” என்று வக்கீல் சொல்லியிருந்தார். குழு திரண்டு வந்தது.

“உள்ள கூட்டம். உங்களுக்கு நாலு சீட்டுதான்” என்றார் வாசல் காவலர்.

சாதாரண ஆட்களாக இருந்தால் நான்கு பேர் உள்ளே போய்த் தொலைத்திருப்பார்கள். இவர்கள் பண்பட்டவர்கள்.

“நான் வெள்ளக்காரி. இங்கயும் ஒரு இடத்த நான் அடைச்சுக்கணுமா? ரபி, நீங்க போங்க” என்றார் பாஸ்டர்.

“போன கூட்டத்துல தொடக்கப் பிரார்த்தனையே நான்தான். இமாம் போகட்டும்” என்றார் யூத குருவான ரபி ஃபெல்ட்ஸ்டைன்.

“பெரியவர் நிக்கறப்போ நான் உக்கார்றதா? மார்ஜரி போகட்டும்” என்றார் போஸ்னியாக்காரரான இமாம்.

“போகணும்னு நெனைக்கறதே ஒரு பற்றுதான்” என்று பௌத்தரான மார்ஜரி சிறுமணியை அடித்தார்.

“நம்மள்ல கறுப்பர் யாராவது போனா என்ன?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்; ஒருவர்கூட இல்லை. அந்தக் குறையை உறுப்பினர் சேர்க்கைத் துணைக்குழு ஆண்டுக்கணக்காக ‘ஆழமாக’ ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

எல்லோரும் ஒருமனதாக இசைந்தால்தான் எதுவும் நடக்கும் என்பது குழுவின் விதி. ஆகவே படிக்கட்டிலேயே வட்டமாக உட்கார்ந்தார்கள்.

ஒடெஸா வெளியே ஓடி வந்தாள். “யாராச்சும் வாங்களேன். பேரு கூப்பிடப் போறாங்க.”

“சிஸ்டர், உங்க வேதனைய நாங்க காது குடுத்துக் கேக்கறோம்” என்றார் பாஸ்டர். கண் கலங்கியிருந்தது.

“கேக்க வேணாம் பாஸ்டர். வந்து உக்காருங்க.”

திரும்பி உள்ளே ஓடிய அவள் பின்னாலேயே போய்விட பாஸ்டரின் கால்கள் பரபரத்தன. அதுவும் ஆதிக்க மனப்பான்மையே என்று உடனே கண்டுகொண்டு, கால்களை அடக்கினார். பாவம், எத்தனை பெரிய தியாகம்.

கடைசியில் ஒருமனதாக முடிவானது: நான்கு இருக்கைகளும் காலியாகவே இருக்கட்டும், அதுவே ‘மௌன சாட்சியம்’. எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டபோது ஒடெஸா வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பையனும் பேஸ்பால் தொப்பி போட்ட ஓர் ஆளும் சிரித்துக்கொண்டே கார் பக்கம் போனார்கள்.

“என்னாச்சு சிஸ்டர்?”

“உள்ளயே இருக்கணுமாம். இவனுக்கு யாரு இருக்கான்னு ஜட்ஜ் கேட்டாரு. நான் ஒருத்திதான் எழுந்து நின்னேன்.”

“அந்தப் பையன் யாரு?”

“அவனும் கண்ணாடி ஒடச்சவன்தான். கூட இருக்கறது அவனோட பேஸ்பால் கோச்சு.”

பாஸ்டர் அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். “அந்த நாலு காலி இடமும் உங்களுக்கு நாங்க செஞ்ச மரியாத.”

“தெரியுது பாஸ்டர். நீங்கல்லாம் ரொம்ப நல்லவங்க” என்று ஒடெஸா கையை உருவிக்கொண்டாள். “அந்தக் கோச்சு உங்க அளவுக்கு நல்லவர் இல்ல. வந்தாரு, உக்காந்தாரு, பையனக் கூட்டிட்டுப் போயிட்டாரு.”