கல்விச் சாமி சிரித்துவிட்டார்

என் அருமைத் தம்பி ஜுன்-ஷியாங்குக்கு,

உன் அக்கா லீ-ஜு எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே மற்ற எல்லாம் சௌக்கியம். நீயும் உன் கல்வி அலுவலக நாற்காலியும் அங்கே சௌக்கியமாக இருக்கக் கும்பிட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை நீ தைனானுக்கு வரும்போது உன் காதைத் திருகுவதற்கு நீ முழுசாக வந்து சேர வேண்டுமே!

பின்னே என்னடா? ‘நமக்கே தெரியாமல் வகுப்பில் நாம் காட்டும் பாரபட்சம்’ என்று ஒரு பயிற்சியை எங்கள் பள்ளியின் தலையில் கட்டினாயே, அதில் வகுப்பைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கா பாரபட்சம்? எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரித் திட்டுகிறவளடா நான்! சரி, வந்தது வரட்டும் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் சியா-லிங்கைக் கேமராவோடு பின்னால் உட்காரச் சொன்னேன். படத்தைப் போட்டுப் பார்த்தால், எல்லாரிடமும் படபடவென்று பொரிந்து தள்ளுகிற நான், யூ-தாங் என்கிற பெண்ணிடம் வந்ததும் குனிந்து, வாயை அகலத் திறந்து, “யூ...தாங்... பு...ரி...யு...தா?” என்று கத்துகிறேன். அந்தப் பெண்ணும் மரியாதைக்குத் தலையை ஆட்டி வைக்கிறது.

“அவ அம்மா வியட்நாம்லேர்ந்து வந்தவ. பாவம், கொழந்தைக்கு நம்ம பேச்சு சரியா வராதில்லே?” என்றேன்.

“டீச்சர், அவ பொறந்ததே உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்,” என்றாள் சியா-லிங். “அது போகட்டும். போட்டிக்கு யார் வர்றீங்கன்னு கேட்டப்போ அவ கையைத் தூக்கினா. நீங்க பாக்கவே இல்லை.”

போட்டி என்றால் தைவான் மொழிப் பேச்சுப் போட்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாண்டரினிலேயே புழங்குகின்றன, நம் பேச்சு செத்துப்போகக் கூடாதென்று நடத்துகிறார்கள். வகுப்புக்கு ஒரே ஒரு பிள்ளைதான் போகலாம். நான் போ-யென்னை மனதில் வைத்திருந்தேன். பரம்பரைத் தைனான்காரன், பல் டாக்டர் பிள்ளை, நல்ல கணீர்க் குரல். தைவான் மொழியில் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு மேல் அவனுக்கு ஒரு எழவும் தெரியாது, வாஸ்தவம்தான். சொல்லிக்கொடுத்தால் வந்துவிடாதா?

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷிக்குத்தானே பாரபட்சம், சாமிக்கு ஏது? சனிக்கிழமை, புத்தி வளரப் படைக்கிற வெங்காயத்தாளும் ஒரு தட்டு கேக்கும் வாங்கிக்கொண்டு நேராகக் கல்விச் சாமி கோயிலுக்குப் போய், குறி கேட்கிற சிவப்புப் பிறைக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தேன். “சாமி, போ-யென் போகட்டுமா?” கட்டைகளைப் போட்டால் இரண்டும் மல்லாந்து கிடக்கின்றன. சாமி சிரிக்கிறாராம். நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவன் முழுப்பெயர், வீட்டு விலாசம் எல்லாம் சொல்லிக் கேட்டேன். மறுபடி சிரிப்பு. அவன் அப்பாவின் பல் ஆஸ்பத்திரியையும் சொன்னேன். இரண்டும் குப்புற விழுந்தன. முடியாதாம்! நான் விடுவேனா? போட்டுக்கொண்டே இருந்தேன்.

பின்னால் கட்டைக்காகக் காத்திருந்த ஒருத்தி இருமினாள். திரும்பினால் யூ-தாங்கின் அம்மா, சந்தையில் பால்மீன் கடை வைத்திருக்கிறவள். அச்சுப் பிசகாத தைனான் பேச்சில் சொல்கிறாள்: “டீச்சரம்மா, வந்ததுலேர்ந்து ஒரே பேரைக் கேக்கறீங்க. உங்க வகுப்புல வேற புள்ளையே இல்லைன்னு சாமி நெனச்சுக்கப் போறாரு.” அப்புறம் குரலை இறக்கினாள். “எம் பொண்ணு ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாக்குது. அவ பேரை ஒரே ஒரு வாட்டி கேளுங்களேன்.”

சாமியிடம்கூட நான் அந்தப் பெயரைக் கேட்கவில்லை! கேட்டேன். ஒன்று மல்லாந்து, ஒன்று குப்புற. சம்மதம். தொடர்ந்து மூன்று தடவையும் சம்மதம். அவள் அழுதாள், நானும் அழுதேன். கேக்கை அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேருமாகத் தின்று தீர்த்தோம்.

திங்கட்கிழமை வகுப்பில் யூ-தாங்கைப் பேசச் சொன்னேன். மீனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைப் பற்றிப் பேசியது பார், என் மாமியார் உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருந்தது! போ-யென்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினான். நாளைக்குப் போட்டி.

ஆகவே தம்பி, உன் அக்கா பூரணமாகக் குணமாகிவிட்டாள். அடுத்த பயிற்சியிலிருந்து என் பெயரை அடித்துவிடு. இனி அது எனக்கு வீண் வேலை. சளி பிடிக்காமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. சாமி உனக்கு நல்ல புத்தியும், அது வரும்வரை நல்ல மேலதிகாரியும் தரட்டும்.

உன் அன்பு அக்கா,
லீ-ஜு

பி.கு.: பெயரை அடிக்காதே. முதல் வரிசையில் போடு. இதைத் தபாலில் போடுவதற்குள் போட்டி முடிந்துவிட்டது, யூ-தாங்குக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவன் செம்பட்டை முடியும் நீலக் கண்ணுமாக ஒரு பையன். போட்டிக்கு முன்னால் அவனைப் பார்த்து, ஐயோ, வழி தவறி வந்துவிட்டதே என்று நான் குனிந்து, “ஹ...லோ... அ...ம்...மா... எ...ங்...கே?” என்று கத்தினேன். அவன் சுத்தமான தைவான் மொழியில், “பெரியம்மா, என் பையை மிதிச்சிக்கிட்டு நிக்கிறீங்க,” என்றான். நான் துள்ளி விலகினேன். பக்கத்தில் நின்ற யூ-தாங் என் கையைப் பிடித்து, வாயை அகலத் திறந்து, மண்டபமே கேட்கும்படி கேட்டது: “டீ...ச்ச...ர்... பு...ரி...ஞ்...சு...தா?”