மனசை மாத்த மாத்தறைக்கு

என் மகளை மாத்தறைக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன். வாழ்நாளில் அவள் மாத்தறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பதற்காக.

புரியவில்லையா? எனக்கும் இப்போது புரியவில்லை. அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

என் பெயர் உசனார். கண்டக்குழிக் கடற்கரையில் எனக்கொரு கருவாட்டு வாடி, மீன் காயவைக்கும் கொட்டில், இருக்கிறது. வீட்டில் யாரையும் ‘வாடி’ என்று கூப்பிடத் தைரியம் இல்லாதவனுக்கு, இந்த ஒரு வாடிதான் மிச்சம். பெண்சாதி பெயர் சித்தி ஸுலைஹா. முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்திய தொண்ணூறாம் ஆண்டு, பதினேழு வயதில், மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவள். நானும் அதே கிழமை வேறொரு வள்ளத்தில் வந்தவன்தான். யுத்தம் முடிந்ததும், ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. நான் உட்கார்ந்து அழுதேன். அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். “புள்ளைக்குத் திங்கக்கிழமை பள்ளிக்கூடம்” என்றாள். திரும்பிப் பஸ் ஏறிவிட்டாள்.

இப்படிப்பட்டவளோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். மன்னிக்க வேண்டும். குடும்பத்தை அவள் நடத்துகிறாள். நான் பின்னால் நடக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், நிஃப்லா. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தாள். பெறுபேறு வந்ததும் ஊர் முழுக்க இசட் புள்ளியைப் பற்றித்தான் கதை. இசட் என்றால் இங்கிலீசில் கடைசி எழுத்தாம். அந்தக் கடைசி எழுத்தை வைத்துத்தான் யார் முதல் என்று பார்ப்பார்களாம். கடைசிக்கும் இந்த நாட்டில் மரியாதை இருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் வீட்டில் அந்த இடத்தில் நான்தான் இருக்கிறேன்.

நிஃப்லா படிக்க விரும்பியது மீனை. அவளுடைய புள்ளிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் என்று ஆசிரியர்மார் சொன்னார்கள். ஒன்று மாக்கந்துர. மூன்று மணித்தியாலப் பயணம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரலாம். மற்றது மாத்தறை. அதற்கு அங்கால் போனால் கடல்தான், நாடு முடிந்துவிடும். இரண்டில் எதை முதலாவதாகப் போட்டு விண்ணப்பிப்பது? அதுதான் எங்கள் வீட்டுச் சண்டை.

“மீன் படிக்க மாத்தறைக்கா?” என்று கேட்டேன். “வாடிக்கு வரச் சொல்லு. பாரை, கட்டா, சூடை எல்லாம் நானே படிப்பிக்கிறன்.”

“நீங்க படிப்பிக்கிறது மௌத்தான மீனை” என்றாள் ஸுலைஹா. “அவள் படிக்கப் போறது உசிரோட இருக்கிற மீனை.”

“மாக்கந்துரயிலயும் உசிரோடதான் இருக்கு!”

“அங்க கூடுதலா மீன் வளர்க்கிறதைப் படிப்பிக்கிறாங்களாம். இவளுக்குக் கடல் வேணும். சின்னனில இருந்து கடலைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.”

“தூரம் ஸுலைஹா, தூரம்! பொம்புளப் புள்ள!”

“தொண்ணூறில என்னை அனுப்பக்குள்ள யாராச்சும் தூரம் எவ்வளவு எண்டு பார்த்தாங்களா?”

இந்த ஒரு கேள்வியை ஸுலைஹா எப்போதும் கடைசிக்குத்தான் வைத்திருப்பாள். அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகங்கள் மன்னார் வீட்டோடு போனவை. அகதி முகாமில் அதற்குப் பிறகு படிப்பு இல்லை. எனக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஆனால் என்னுடைய கவலை வேறு. உங்களுக்குச் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். எனக்குச் சீனி வியாதி. ஸுலைஹா தரும் தேத்தண்ணியில் சீனியும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. நிஃப்லாதான் ஓசைப்படாமல் ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டை என் கையில் வைத்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கட்சியில் ஆட்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி மாத்தறைக்குப் போனால் மிஞ்சுவது தலைவர் மட்டும். அதுவும் தோற்ற தலைவர்.

வாடியில் சூடையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. பக்கத்து வாடி யாகப்புவிடம் சொன்னேன்.

“புள்ளையை ஒருக்கா மாத்தறைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறன். நேர் பஸ் இல்ல. புத்தளத்துக்கு ஒண்டு, சிலாபத்துக்கு ஒண்டு, கொழும்புக்கு ஒண்டு, காலிக்கு ஒண்டு, மாத்தறைக்கு ஒண்டு. எல்லாம் நிண்டு நிண்டு போற பஸ். அந்தத் தூரத்தை உடம்பால அனுபவிச்சா அவளே வேணாம் எண்டு சொல்லுவாள். மனசை மாத்தத்தான் மாத்தறை!”

யாகப்பு யோசித்தான். “கொழும்பில இருந்து அதிவேகப் பாதையில ஒரு பஸ் போகுது உசனார். ரெண்டு, ரெண்டரை மணித்தியாலத்தில கொண்டுபோய் விடுறான்.”

“அந்த பஸ்ஸைப் பற்றி இந்தக் கடற்கரையில இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது” என்றேன்.

அன்று பகல் சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“நல்ல யோசனை” என்றாள் ஸுலைஹா.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த இரண்டு சொல்லும் எனக்காகச் சேர்ந்து வந்ததே இல்லை.

“நானும் வாறன்” என்றாள்.

“நீ என்னத்துக்கு? சரியான கஷ்டமான பயணம்.”

“கஷ்டம் எண்டா நான் வரத்தானே வேணும்.”

நாலாம் நாள் விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். ஐந்து பஸ்ஸிலும் நான் திட்டமிட்டபடியே நெருக்கடி. புத்தளத்தில் மிதிபட்டோம். சிலாபத்தில் இடிபட்டோம். கொழும்புக்குள் வெயிலில் பஸ் நகரவில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். திரும்பிப் பார்த்தேன். தாயும் மகளும் இறால் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

“களைப்பா இருக்கா மகள்?” என்று ஆசையோடு கேட்டேன்.

“இல்ல வாப்பா. நல்லா இருக்கு. நான் இவ்வளவு ஊரை ஒரே நாளில பார்த்ததே இல்ல.”

ஸுலைஹாவோ கொண்டக்டரைச் சிங்களத்தில் ‘மல்லி’ என்று, அதாவது தம்பி என்று, கூப்பிட்டு, அவனுடைய ஊர், தாய், தகப்பன், தங்கச்சியின் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்துவிட்டாள். எனக்கு முன்னால் இருந்தவரை எழுப்பி அவளுக்கு ஜன்னல் ஓர ஆசனம் கொடுத்தான் அவன். நான் நின்றுகொண்டிருந்தேன்.

களுத்துறை தாண்டியதும் என் வயிறு பேசத் தொடங்கியது. ஜன்னல் ஆசனம் உடனே எனக்குக் கிடைத்தது. பஸ்ஸில் யாரும் மறுக்கவில்லை. கொழும்பில் சாப்பிட்ட சோறு அளுத்கமையில் இறங்கியது. காலையில் சாப்பிட்ட பாணும் சம்பலும் அம்பலாங்கொடையில் இறங்கின. ஹிக்கடுவையில் இறங்குவதற்கு உள்ளே ஒருத்தரும் இல்லை. ஆனாலும் வயிறு மணியடித்துக்கொண்டே இருந்தது.

நிஃப்லா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு.

“வாப்பா, போதும். இறங்கித் திரும்பிப் போவம். எனக்காக நீங்க இப்படிப் பாடுபட வேணாம்.”

யா அல்லாஹ்! வெற்றி! நான் கேட்டு வந்த வார்த்தை! ‘ஓம் மகள், திரும்புவம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. மற்றதுதான் வந்தது. தலை ஜன்னலுக்கு வெளியே. கையை மட்டும் உள்ளே விட்டு ஆட்டினேன். திரும்பு, திரும்பு என்றுதான் ஆட்டினேன்.

“உம்மா, என்ன சொல்றார்?”

“போகச் சொல்றார்” என்றாள் ஸுலைஹா. “‘எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்ல, புள்ளைக்கு மாத்தறையைக் காட்டாம விடமாட்டன்’ எண்டு சொல்றார்.”

ஒரு கையை ஆட்டினதற்கு இவ்வளவு நீளமான மொழிபெயர்ப்பு! நான் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

“பாத்தியா, அவசரப்படுறார்.”

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மாத்தறையில் இறங்கினோம். இறங்கினோம் என்றால் அவர்கள் இருவரும் இறங்கினார்கள். என்னை இறக்கினார்கள். பஸ் நிலையத்தில் ஒரு பெண் குடையோடு ஓடிவந்து ஸுலைஹாவைக் கட்டிப்பிடித்தாள். பளீலாவாம். முகாமில் இருந்த காலத்துச் சிநேகிதி. பக்கத்து ஊர் வெலிகமையில் கலியாணம் முடித்தவளாம்.

“மூணு நாளா பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்றாள் பளீலா. “மகளுக்கு அறையும் ஒழுங்குபண்ணிட்டன். விடுதி கிடைக்கும்வரைக்கும் எங்கட வீட்டில நிக்கட்டும்.”

மூன்று நாளா? என்னுடைய யோசனைக்கே அன்று நாலு நாள்தான் வயது.

பல்கலைக்கழகம் கடலுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் இருந்தது. காவலாளியிடம் ஸுலைஹா இன்னொரு ‘மல்லி’ போட்டாள். உள்ளே விட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் நிஃப்லாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடித் தொட்டிகளையும், போத்தலில் மிதக்கும் மீன்களையும் காட்டினார்கள். அரை மணித்தியாலம் கழித்து வந்தாள். அந்த முகத்தில் மாக்கந்துர எங்கும் இல்லை.

மேட்டிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். நிஃப்லா என் பக்கத்தில் வந்து இருந்தாள். அலை எங்கள் பக்கத்து அலை மாதிரி இல்லை. பெரிதாக எழும்பி, கோபத்தோடு விழுந்தது.

“வாப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். நான் மாக்கந்துரயைத்தான் முதலாவதாப் போட நினைச்சிருந்தன்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“உங்களைத் தனிய விட்டுட்டுப் போக மனசு வரல்ல. உங்கட சீனி, உங்கட தேத்தண்ணி எண்டு யோசிச்சன். உம்மா எவ்வளவோ சொல்லியும் நான் கேக்கல்ல. ஒரே பிடியா நிண்டன்.”

“நல்ல புள்ள! அதுதான் சரி மகள். மாக்கந்துர—”

“இப்ப இல்ல வாப்பா.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டும் திரும்ப மாட்டன் எண்டு நிண்டீங்களே. நான் கடல் படிக்க வேணும் எண்டு உங்களுக்கு இவ்வளவு ஆசையா? எனக்குத் தெரியாமப் போச்சே. வாப்பாக்கே மனசில தைரியம் இருக்கக்குள்ள, எனக்கென்ன பயம்? நான் மாத்தறையைத்தான் முதலாவதாப் போடுவன்.”

“இல்ல மகள், மாக்கந்துரயும் நல்ல இடம்தான். கிட்ட. வசதி. நீ எனக்காகப் பார்க்காதே—”

“பாருங்க உம்மா!” என்று அழுதுவிட்டாள் நிஃப்லா. “இப்பவும் என்ட வசதியைத்தான் யோசிக்கிறார்.”

பளீலாவும் அழுதாள். ஸுலைஹா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அழுதேன். அது மட்டும் நிச்சயம். அவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பளீலா வீட்டில் பால் சோறு. எனக்கு இறங்கவில்லை. திரும்பும்போது அதிவேகப் பாதை பஸ்ஸில் ஏற்றினாள் ஸுலைஹா. இப்படி ஒரு பஸ் இருக்கிறதா என்று நான் ஆச்சரியப்பட்டுக் காட்டினேன். யாரும் நம்பவில்லை. மெத்தை ஆசனம். குளிர்க்காற்று. வளைவு இல்லை, குலுக்கல் இல்லை, வயிறும் சத்தம் போடவில்லை. தூரம் என்ற ஒன்றே இல்லாதது போல ஓடிக்கொண்டிருந்தது. முன் ஆசனத்தில் நிஃப்லா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் பெரிய கொடுமை.

நான் ஸுலைஹாவின் பக்கம் சாய்ந்தேன்.

“மாக்கந்துரக்குத்தான் போகப் போறன் எண்டு அவள் உன்னோட சொல்லியிருந்தாளா?”

“ஓம்.”

“எப்ப?”

“பெறுபேறு வந்த அண்டைக்கே.”

“அப்ப நான் சும்மா வீட்டில இருந்திருந்தாலே போதுமே! என்னட்ட ஏன் சொல்லல்ல?”

ஸுலைஹா என் தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா நீங்க பஸ் ஏறியிருப்பீங்களா?”