டின் விளைந்த தோட்டம்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள டின்னுல அடைச்ச எதுவும் நுழையாது!" என்று நான் அறிவித்தபோது, என் மனைவி லோசலீன் டின்னைத்தான் திறந்துகொண்டிருந்தாள்.

உப்புக்கறி டின். மாட்டுக்கறியை உப்போடும் கொழுப்போடும் சேர்த்து அமுக்கி அடைத்தது. டோங்காவுக்கு தேசிய மலர் என்று ஒன்று வேண்டுமென்றால் நான் அதைத்தான் முன்மொழிவேன். எங்கள் தீவில் குழந்தை பிறந்தால் டின். கல்யாணம் என்றால் டின். சாவு விழுந்தாலும் டின். செத்தவர் டின் சாப்பிட்டுத்தான் செத்தார் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தாலும் டின்.

லோசா நிமிர்ந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, காய்ச்சலா?"

"இல்ல. கொள்கை."

"மாத்திரை போட்டா இறங்கிடுமா?"

இது சாதாரணக் கொள்கை இல்லை. கடல் தாண்டி ஆக்லாந்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இரண்டு மொழி தெரிந்தவன் என்பதால் சுகாதாரத் துறையின் ஆங்கிலக் குறிப்புகளை எங்கள் மொழியில் எழுதி, வாரத்துக்கு ஒருமுறை ரேடியோவில் வாசிக்கும் வேலை கிடைத்தது. பன்றி விலை நிலவரத்துக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவில் என் குரல் வரும். அந்த வாரக் குறிப்பு உடல் எடை பற்றியது. தொழிற்சாலையில் அரைத்து, பொரித்து, அடைத்ததை விடுங்கள். முழு உணவைச் சாப்பிடுங்கள் என்றது.

'முழு உணவு' என்பதை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் முழு உணவு என்றால் முழுப் பன்றி. அதை வானொலியில் சொன்னால் விபரீதம். ஒரு மதியம் முழுக்கக் கடலைப் பார்த்தபடி யோசித்து, கடைசியில் எழுதினேன்: 'மண்ணிலிருந்தோ, மரத்திலிருந்தோ, கடலிலிருந்தோ நேராக வருவது எதுவோ, அதுவே உணவு.'

வாசிக்கும்போது என் குரலுக்கு நானே கண்கலங்கினேன். மறுநாள் சந்தையில் மீன்காரி மீனைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, இது நேரா வந்தது!" என்றாள். ஒரே வாரத்தில் எனக்கு 'நேரா மனாசே' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சர்ச்சில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தவனை முதல் வரிசைக்கு நகர்த்தினார்கள். ஊர் திரும்பியவனுக்கு ஊரில் ஒரு பெயர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது திரும்பியவனுக்குத்தான் தெரியும். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தபோதும் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். நிமிர்த்தியது நெஞ்சைத்தான். முன்னால் போனது வேறு.

"கொள்கை சரிங்க," என்றாள் லோசா. "உங்க தம்பி ஆக்லாந்துலேருந்து கப்பல்ல அனுப்பின பெட்டி வந்து கிடக்கே? ஒரு பெட்டி நெறைய உப்புக்கறி. ஹெனெலிக்குக் குடுத்துடட்டா?"

ஹெனெலி பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்துத் தோட்டக்காரனும் கூட. அவன் அந்த டின்னைத் திறந்து, விரலால் வழித்து, கண்ணை மூடி... அதற்கு மேல் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

"விஷத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்கறதா? அவனுக்கும் குடும்பம் இருக்கு லோசா. நானே கொண்டுபோய்ப் புதைச்சிடறேன்."

"எங்க?"

"மண்ணுக்குள்ள. மண்ணோட மண்ணாப் போகட்டும்."

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். ஒரே ஒரு 'சரி'. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்த இடத்திலேயே பெட்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் புதைக்கத்தான் போனேன். புதைத்தும் விட்டேன். எங்கே புதைத்தோம் என்பதை மறக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மனசு ஒத்துழைக்கவில்லை.

புதைத்த இடம் என் வள்ளிக்கிழங்குத் தோட்டம். தோட்டம் என்று சொன்னது மரியாதைக்கு. களைதான் விளைந்திருந்தது, கிழங்குக் கொடி அதில் வாடகைக்குக் குடியிருந்தது. கிழங்கு நட்ட மண்மேட்டுக்கு ஒரு டின் என்று பக்கவாட்டில் குழி பறித்து வைத்தேன். மேலே கொடி, கீழே கறி. இதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் உலகத்தில் எந்த பேங்கிலும் கிடையாது. ஏனென்றால் வருஷத்தின் முதல் கிழங்கை சர்ச்சுக்குக் காணிக்கை கொடுக்கும்வரை எங்கள் ஊரில் எவனும் எவன் மேட்டிலும் கை வைக்கமாட்டான். திருடன்கூட வைக்கமாட்டான். திருடனும் சர்ச்சுக்கு வருகிறவன்தானே.

மறுநாளிலிருந்து வீட்டில் ஆட்சி மாறியது. அவித்த சேப்பங்கிழங்கு. சுட்ட ஈரப்பலா. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை. வாலும் தலையும் கண்ணும் உள்ள மீன். நான் ஒவ்வொரு கவளத்தையும் ரேடியோவில் வாசிப்பதுபோல நிதானமாக மென்றேன். மென்று முடித்ததும் எழுந்து நின்றேன்.

"தோட்டத்துக்குப் போயிட்டு வரேன். களை எடுக்கணும்."

"இந்த வெயில்லயா?"

"உழைப்பும் கொள்கையில சேர்த்திதான்."

"மண்வெட்டியை விட்டுட்டுப் போறீங்களே?"

"கையாலயே பிடுங்கினாத்தான் வேரோட வரும்."

சட்டைப்பையில் கரண்டி இருந்தது. அது அவள் கண்ணில் படவில்லை என்று நினைத்தேன்.

தினம் போனேன். தினம் ஒரு மேடு. டின்னைத் தோண்டி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சாவியைத் திருகித் திறந்து, தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால், ஆகா! உப்பும் கொழுப்பும் நாக்கில் இறங்கும்போது ஆக்லாந்து, ஊர், கடல், வானம் எல்லாம் ஒன்றாகிவிடும். காலி டின்னை அதே குழியில் வைத்து மூடிவிடுவேன். கரண்டியைத் தென்னை மட்டைக்குள் செருகி வைப்பேன். உடனே வீட்டுக்குப் போனால் வாய் மணக்கும். மணம் போகும்வரை என்ன செய்வது? வேறு வழியில்லாமல் களை எடுத்தேன்.

ஹெனெலி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளு தம்பி."

"நீங்க தோட்டத்துக்கு வர்றப்ப ஊர் நாயெல்லாம் ஏன் பின்னாடியே வருது?"

"ரேடியோ கேட்டிருக்கும்."

"நேத்து ஒரு நாய் உங்க உள்ளங்கைய நக்கிச்சே?"

"உழைக்கிறவன் கை தம்பி. நாய்க்குத் தெரியுது, உனக்குத் தெரியலயே."

ஹெனெலி தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனான்.

மாசக் கடைசியில் சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்கள். லோசா ஏறினாள். முள் பணிவாகக் கீழே நின்றது. நான் ஏறினேன். முள் போன வேகத்தைப் பார்த்து நர்ஸ் லூப்பே தராசைத் தட்டினாள்.

"லோசா அக்கா நல்லாக் குறைஞ்சிருக்காங்க. அண்ணா, நீங்க ஏறியிருக்கீங்களே?"

"எலும்பு," என்றேன். "நல்ல சாப்பாடு சாப்பிட்டா முதல்ல எலும்பு கனமாகும்."

"ஆமாம்மா," என்றாள் லோசா அமைதியாக. "அவருக்கு வயித்துலயும் எலும்பு."

இப்படியே என் கொள்கை கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. பாடகர் குழுவின் பயிற்சி முடிந்ததும் போதகர் எழுந்தார். வரும் ஞாயிறு முதல் விளைச்சல் காணிக்கை என்றார். யார் தோட்டத்துக் கிழங்கை முன்னால் வைக்கலாம் என்று கேட்டார்.

லோசா எழுந்தாள்.

"எங்க தோட்டத்துது ஐயா. ஊர்லயே களையில்லாத தோட்டம் அதுதான். என் வீட்டுக்காரர் ஒரு நாள் விடாம போய்ப் பாடுபட்டிருக்கார். நீங்களே ஹெனெலியக் கேளுங்க."

"ஆமா ஐயா," என்றான் ஹெனெலி. "நாய்கூட சாட்சி."

போதகரின் முகம் மலர்ந்தது. "அப்ப சனிக்கிழமை காலையில பாடகர் குழு மொத்தமும் மனாசே தோட்டத்துக்குப் போகட்டும். எல்லா மேட்டையும் தோண்டி, பாட்டோட கிழங்கைக் கொண்டு வரட்டும்."

எல்லா மேட்டையும்!

யாரும் தொடாத பெட்டகத்தை வருஷத்தில் ஒரு நாள் ஊரே சேர்ந்து திறக்கும் என்பதை எப்படி மறந்தேன்? இரண்டு மொழி படித்து என்ன புண்ணியம்? நாளை மறுநாள் மேட்டுக்கு மேடு டின் வரும். பாதி காலி, பாதி முழுசு. நேரா மனாசேயின் பெயர் நேராகக் கடலுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை பூராவும் ரேடியோவில் ஒலிப்பதிவு. 'டின் உணவு ஒரு மறைமுக எதிரி' என்று வாசிக்கும்போது நான்கு இடத்தில் தடுமாறினேன். நிலைய அதிகாரி தண்ணீர் கொடுத்தார்.

சனிக்கிழமை, கிழக்கு வெளுக்கும்போது மண்வெட்டியும் சாக்குமாகத் தோட்டத்தில் நின்றேன். பாடகர் குழு வருவதற்குள் எல்லா டின்னையும் எடுத்தாக வேண்டும். முதல் மேட்டைப் பறித்தேன். டின் இல்லை. மேடு மாறிவிட்டதோ? அடுத்ததைப் பறித்தேன். கிழங்கு. அதற்கடுத்தது. அதுவும் கிழங்கு. எங்கள் கிழங்கு ஆள் நீளம் போகும். உடைந்தால் காணிக்கைக்கு ஆகாது, ஊருக்கும் அவமானம். ஆகவே குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டு அடியில் தேடினேன். முழு டின் இல்லை. காலி டின்கூட இல்லை. தென்னை மட்டையில் கரண்டியும் இல்லை. கடைசி மேட்டைத் தோண்டி முடித்தபோது என் முதுகு என்னை விட்டு விலகித் தனியாக நின்றது.

தூரத்தில் பாடகர் குழுவின் கட்டைக்குரல் கேட்டது. நான் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதே சரி.

முன்னால் லோசா வந்தாள். வெளியே வரிசையாகக் கிடந்த கிழங்குகளைப் பார்த்து எல்லோரும் பாட்டை நிறுத்தினார்கள்.

"நான் சொல்லல?" என்றாள் லோசா. "உங்களுக்கு வேலை வெக்கமாட்டார், எல்லாத்தையும் அவரே தோண்டி வெச்சிருப்பார்னு!"

"ஒத்த ஆளா! ஒண்ணுகூட உடையாம!" என்று குழு வாய்பிளந்தது. இரண்டு பேர் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அதில் முதுகு மீண்டும் உடம்போடு சேர்ந்தது.

நான் ஹெனெலியை ஓரமாக இழுத்தேன்.

"தம்பி, உன் தோட்டத்துல புதுசா ஏதாவது... வந்திருக்கா?"

"என்னண்ணே வரும்?"

"ஒண்ணுமில்ல. வந்தா சொல்லு."

அன்று முழுக்க யோசித்தேன். எடுத்தவன் யாராக இருந்தால் என்ன? என் பெயர் பிழைத்தது. டின்னைக் காணோம் என்றால் சாட்சியையும் காணோம். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகும்போது உடுப்பின் மேல் சுற்றும் இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களைவிட உரக்கப் பாடினேன்.

ஆராதனை முடிந்து போதகர் வீட்டு முற்றத்தில் கூடினோம். நீளமான கிழங்கு முதலில், குட்டைக் கிழங்கு கடைசியில் என்று அடுக்கியிருந்தார்கள். வரிசையின் முடிவில் ஓலைக்கூடை ஒன்று, வாழையிலை மூடி இருந்தது. போதகர் இலையை விலக்கினார்.

திறக்காத உப்புக்கறி டின்கள். ஒவ்வொன்றிலும் ஈர மண். உச்சியில் என் கரண்டி.

பாடகர் குழு மொத்தமும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"லோசலீன், இது?" என்றார் போதகர்.

"எங்க தோட்டத்துல வெளைஞ்சது ஐயா. கிழங்கோட சேர்ந்து வந்துச்சு."

"டின்னா?"

"மண்ணுலேருந்து நேரா வந்துச்சு ஐயா. மண்ணுலேருந்து நேரா வர்றதுதான் உணவுன்னு இவரே ரேடியோவுல சொல்லியிருக்காரே."

போதகர் என் பக்கம் திரும்பினார். "மனாசே, இது உன் மண்ணுலேருந்து வந்ததா?"

சர்ச் உடுப்பில், போதகர் வீட்டு முற்றத்தில், போதகரே கேட்கிறார். பொய் சொல்ல வாய் வருமா?

"ஆமாய்யா," என்றேன்.

"இந்தக் கரண்டி?"

"அது களை ஐயா," என்றாள் லோசா. "டின் போட்ட இடத்துல தானா மொளைக்கும்."

முதலில் சிரித்தது நர்ஸ் லூப்பே. அப்புறம் பாடகர் குழு, நான்கு குரலிலும். சிரிப்பு கடற்கரை வரை போய்த் திரும்பி வந்தது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. டின்னைத் துடைத்து, தேதியைப் பார்த்து, "நல்ல மண்ணு," என்று சொல்லி, கூடையைத் தன் கையாலேயே உள்ளே கொண்டுபோனார்.

என் பெயரும் போயிற்று, டின்னும் போயிற்று. திங்கட்கிழமை சந்தையில் மீன்காரி, "அண்ணா, விதை டின் ஒண்ணு குடுங்களேன்," என்று கேட்டாள். சர்ச்சில் மறுபடி மூன்றாம் வரிசை.

அன்று சாயங்காலம் லோசாவிடம் கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும். எல்லாரும் தோட்டத்துக்கு மண்வெட்டியோட போவாங்க. நீங்க கரண்டியோட போனீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே? ஒரு மாசம் என்னை ஏன் விட்டு வெச்ச?"

அவள் எழுந்தாள். உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். மீன் டின்! தக்காளிச் சாற்றில் ஊறிய மீன். ஒரு மாதக் கொள்கை அவளையும் வாட்டிவிட்டது, பாவம்.

"அப்ப கொள்கைய விட்டுடலாமா, லோசா?"

"கொள்கைய ஏன் விடணும்?" என்றாள், கழுவித் துடைத்த கரண்டியை என் சட்டைப்பையில் செருகிக்கொண்டே. "இதையும் கொண்டுபோய்ப் புதைச்சிடுங்க. சேம்புத் தோட்டத்துலயும் களை மண்டிக் கிடக்கு."