பெரிய வீட்டு வாசலில் நின்ற ஜீப்

ஜீப் மறுபடியும் இருமியது, உதறியது, நின்றுவிட்டது. கண்ணுசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே களத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நின்றது வேறு யாருடைய வண்டியோ என்பதுபோல.

ஓடும்போது அதற்கு ஒரு குறையும் கிடையாது. உர மூட்டையோடு கீழ்வேளூரிலிருந்து சிட்டாகப் பறந்து வரும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும் ஓட வேண்டும் என்றால்தான் தகராறு. உடம்பெல்லாம் உதறும், பிறகு அணைந்துவிடும். இத்தனை வருஷமாக அவர் அதைக் குறையாகவே நினைத்ததில்லை. என்னைப் போலத்தான், அதற்கும் சும்மா நிற்கப் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நினைக்க வேண்டியதாகிவிட்டது. மகள் செம்மொழி சிவில் ஜட்ஜ் தேர்வில் ஜெயித்திருந்தாள். அந்த ஊரிலிருந்து போகிற முதல் நீதிபதி. ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் மேளதாளத்தோடு ஊர்வலம் என்று தெருவே கூடி முடிவு செய்திருந்தது. ஊர்வலம் என்றால் வண்டி நடையை விட மெதுவாகப் போக வேண்டும். மேளக்காரர்கள் ஓர் இடத்தில் நின்று அடித்தால், வண்டியும் நின்று கேட்க வேண்டும்.

மகன் செழியன், தஞ்சாவூரிலிருந்து பூ ஜோடித்த திறந்த கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்றான். கண்ணுசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாடகை கார்ல வந்தா ஜட்ஜும் வாடகைக்குத்தானான்னு கேப்பானுங்க. நம்ம சொந்த நெலத்துல வெளஞ்ச மொத நெல்ல வித்து வாங்குன வண்டிடா இது. என் மவ இதுலதான் வருவா."

செம்மொழிக்கு ஊர்வலமே வேண்டாம். பொதுவழியை மறித்ததாக நாளைக்கு வழக்கு வந்தால் பெற்ற அப்பாவுக்கே தண்டனை கொடுக்கும்படி ஆகிவிடும் என்று போனில் சொல்லிப் பார்த்தாள். தாராளமாகக் கொடு, அதற்கும் ஒரு மேளம் வைக்கிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார். அவர் மனைவி அம்சவல்லி மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து வெயில் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மேலத்தெருவில்தான் சிக்கல். மெயின் ரோட்டிலிருந்து வர அதை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமியோ, மாப்பிள்ளையோ, ஊர்வலம் வந்து யார் வாசலில் நின்றாலும் அந்த வீட்டார் ஆரத்தி எடுத்து மரியாதை செய்தே ஆக வேண்டும். நின்றதைச் சும்மா அனுப்பினால் அந்த வீட்டுக்கு ஆகாது. மேலத்தெருவின் நடுவில் இருந்தது பெரிய வீடு. கல்யாணமான புதிதில் கண்ணுசாமியும் அம்சவல்லியும் அந்த வீட்டு நிலத்தில் நட்டவர்கள், அறுத்தவர்கள். கூலி நெல்லுக்குக் கொல்லைப்புறமாகப் போய்த்தான் நிற்பார்கள். வாசல்பக்கம் நிற்க யாரும் விட்டதில்லை.

"அந்த வாசல்ல மட்டும் வண்டி நின்னுடக் கூடாது," என்றார் கண்ணுசாமி. "நின்னா, மரியாதைய கேட்டு வாங்க வந்துட்டான்னு பேசுவானுங்க. நிக்காம, திரும்பிப் பாக்காமப் போயிடணும். அதுதான் நமக்கு மானம்."

ஆக, குடும்பத்தின் மானம் ஜீப்பின் கார்புரேட்டரில் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் கண்ணுசாமியே இறங்கினார். கார்புரேட்டரில் இருக்கும் ஒரு திருகை முறுக்கினால் எஞ்சின் வேகம் கூடும் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது தெரியாது. வண்டி அதன்பின் அணையவில்லைதான். கியர் போட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்ட காளையாகப் பாய்ந்து வைக்கோல் போரில் போய் முட்டியது. ஊர்வலத்தில் மேளக்காரர்கள் வண்டிக்கு முன்னால்தான் போவார்கள் என்று செழியன் நினைவுபடுத்தினான்.

பிறகு செழியன் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தான். பிளக்குகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று மாட்டினான். ஒயர்களை எந்த வரிசையில் கழற்றினோம் என்பதைத்தான் மறந்துபோனான். ஸ்டார்ட் செய்ததும் வண்டி பின்பக்கமாக டுமீல் டுமீல் என்று வெடித்தது. வயலில் மேய்ந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. ஊர்வலத்துக்கு வெடி வந்திறங்கிவிட்டதாக நினைத்துத் தெருவில் பாதிப் பேர் பார்க்க வந்துவிட்டார்கள்.

இனி பிரித்துப் பார்த்துவிடுவதே மேல் என்று அப்பாவும் பிள்ளையும் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார்கள். திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஒரு பித்தளைத் துண்டும் மிச்சமிருந்தன. செய்தவன் அவசரத்துக்கு இருக்கட்டுமென்று உபரியாகப் போட்டிருப்பான் என்றார் கண்ணுசாமி. ஜீப் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டார்ட்டே ஆகவில்லை. மறுநாள் ஊர்வலம்.

அப்போதுதான் அம்சவல்லி, கூத்தாநல்லூர் மெக்கானிக் ஹபீப் முகம்மதுவைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டாள். ஹபீப் முகம்மதுவுக்குக் கைவேலை எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு வாயும் உண்டு. தான் தொட்ட வண்டி தன் பேச்சைத் தட்டாது என்று தஞ்சாவூர் வரைக்கும் சொல்லி வைத்திருப்பவர். வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்து, இத்தனை பேர் சேர்ந்து அடித்தும் இது உயிரோடிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்.

மிச்சமிருந்த ஸ்பிரிங்கும் பித்தளைத் துண்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. ஒயர்கள் வரிசைக்கு வந்தன, திருகு பழைய நிலைக்கு இறங்கியது. எஞ்சின் ஓடியது, வழக்கமான உதறலோடு. ஹபீப் முகம்மது கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு கார்புரேட்டருக்குக் கீழே போகிற ஒரு ரப்பர் குழாயை விரலால் அமுக்கினார். உதறல் நின்றது. விரலை எடுத்தார். உதறியது.

குழாய் வெடித்து, அதன் வழியாக வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெடிப்பின் மேல் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார்கள். யாரென்று அவர் கேட்டார். கண்ணுசாமி களத்து மேட்டைப் பார்த்தார்.

புதுக்குழாய் மாட்டி, ஓடுகிற வண்டியின் பானெட் மேல் டீ கிளாஸை வைத்தார் ஹபீப் முகம்மது. ஒரு சொட்டு சிந்தவில்லை. கண்ணுசாமிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

"நாளைக்கு நானே ஓட்டுறேண்ணே," என்றார் ஹபீப் முகம்மது. "நடுவுல தானா நின்னுச்சுன்னா, இனிமே ஸ்பேனரத் தொட மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கல்யாணப்பெண் மாதிரி மாலை போட்டுக்கொண்டு புறப்பட்டது. செம்மொழி பின்னால் நின்று கும்பிட்டபடி வந்தாள். முன்சீட்டில் ஹபீப் முகம்மதுவுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்சவல்லி. கண்ணுசாமி முன்னால் நடந்தார். நெஞ்சு அவருக்கும் முன்னால் நடந்தது. வாய்க்கால் பாலத்தில் மேளம் நின்று அடித்தது. ஜீப்பும் நின்றது, எஞ்சின் பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயில் முனையிலும் அப்படியே. ஹபீப் முகம்மது இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார், ஊர்வலமே அவருக்குத்தான் என்பதுபோல.

மேலத்தெரு வந்தது. பெரிய வீடு வந்தது. சரியாக அந்த வாசலில் எஞ்சின் அணைந்தது.

கண்ணுசாமிக்கு மேளச்சத்தமே கேட்கவில்லை. திரும்பி ஓடினார். ஹபீப் முகம்மது மெதுவாக இறங்கி, பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பார்க்கிறேன் என்றார். தள்ளலாம் என்று வந்த பையன்களை, தள்ளினால் கியர் போய்விடும் என்று விரட்டினார்.

பெரிய வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு எஜமானி மங்களாம்பிகை அம்மாள் ஆரத்தித் தட்டோடு படியிறங்கி வந்தார். செம்மொழியைச் சுற்றிப் போட்டு, குங்குமம் வைத்து, சால்வை போர்த்தினார். பிறகு ஜீப்பின் முன்சீட்டைப் பார்த்தார்.

"அம்சவல்லி, நீங்களும் எறங்கி வாங்க. வாசலோட போகக் கூடாது."

அம்சவல்லி இறங்கினாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி அந்த வாசற்படியில் ஏறி நின்றாள். மகள் தோளில் சால்வை விழுந்ததைப் பார்த்தபோது கண்ணுசாமிக்குக் கண் கலங்கியது நிஜம். ஆனாலும் கேட்டு வாங்கியதுபோல ஆகிவிட்டதே என்று உள்ளே எரிந்துகொண்டேயிருந்தது. எல்லாரும் திரும்பி வந்து ஏறியதும் ஹபீப் முகம்மது பானெட்டை மூடினார். ஒரே தொடலில் ஜீப் கிளம்பியது. அதில்தான் கண்ணுசாமிக்கு இன்னும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து பந்தி போட்டதும் பிடித்துக்கொண்டார். ஊரில் இத்தனை வாசல் இருக்க அந்த வாசலிலா நிறுத்துவாய், ஸ்பேனரை எப்போது கீழே வைக்கப்போகிறாய் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிற ஹபீப் முகம்மது, குனிந்த தலை நிமிராமல் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

அம்சவல்லி வந்து அவர் டம்ளரில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

"தம்பிய ஏங்க வையிறீங்க? வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. என் மவ அந்த வாசல்ல செத்த நேரம் நின்னுட்டுப் போகட்டும்னு சாவியத் திருப்பி நாந்தான் அணைச்சேன்."