ஒலிவேராவைத் திருப்பித் தரச் சொல்லி

லா சப்பல், பரிஸ்
22 யூலை 2019, திங்கள்

அன்புள்ள தம்பி ஐங்கரனுக்கு,

மச்சாள் தில்லைநாயகி எழுதிக்கொள்வது. நீரும் சுபாங்கியும் பிள்ளைகளும் கனடாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க இங்கத்தைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். அடுத்ததாக எங்கள் சுகத்தை எழுதுவதுதான் முறை. உம்முடைய பொன்னம்பலம் அண்ணை போய் நேற்றோடு முப்பத்தொரு நாள். ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு அலுவலுக்கு வருகிறேன்.

அலுவல் அவசரம். நேற்றுப் பகல் ஒரு மணிக்கு ஒலிவேரா எங்கள் ரீமை விட்டுப் போய்விட்டான். அரியநாயகம் அண்ணையின் ரீமுக்குப் போயிருக்கிறான். லீக்குக்குத் தலைவர் நீர். ஒரு ட்ரேட், அதுதான் ஆளுக்கு ஆள் மாற்றுகிறது, நடந்தால் இரண்டு நாளுக்குள் தலைவர் அதை நிற்பாட்டலாமாம். நாளை பகல் ஒரு மணியோடு அந்தத் தவணை முடிகிறது. இப்போது காலை பதினொன்று, இருபத்தாறு மணித்தியாலம் கிடக்கிறது. ரூ பெர்தொனேயில் நான் சட்டை தைக்கிற கடையில் மெசினுக்கு மேல் கொப்பியை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் குறை நினைக்க வேண்டாம். போனில் கதைக்கலாம்தான், ஆனால் உம்முடைய குரல் அவருடைய குரல் மாதிரி, கேட்டால் நான் அழுவேன், அலுவல் நின்றுவிடும். பின்னேரம் மகள் நிருபா வந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உமக்கு அனுப்புவாள்.

தம்பி, இதை எல்லாம் தொடக்கியது நீர்தான். நாலு வருசத்துக்கு முன் போன் எடுத்து, "அண்ணை, பேஸ்போல் லீக் ஒண்டு நடத்துறம், பதினொரு பேர் இருக்கிறம், பன்னிரண்டாவது ஆள் இல்லை, சும்மா பேரை மட்டும் தாங்கோ" என்றீர். பேரை மட்டும் தந்த மனிசன் பிறகு வேறு ஒன்றும் கதைக்கவில்லை. அமெரிக்காவில் யாரோ உண்மையாக விளையாட, அவர்களைப் போனுக்குள் பங்குபோட்டு வைத்துக்கொண்டு, அவன் அடித்தான் எனக்குப் புள்ளி, இவன் விட்டான் எனக்கு நட்டம் என்று பன்னிரண்டு பேர் அடிபடுகிற விளையாட்டு எனக்கு விளங்கவே இல்லை. காலமை கோப்பியும் கையுமாக ரீவிக்கு முன் இருப்பார். நான் சமையலறைக்குள்ளிருந்து பேசுவேன். அடித்துப்போட்டு எல்லாரும் நல்ல மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள், எடுத்து வைக்க ஒரு வேலைக்காரன் வேறு. ஒரே ஒருத்தன்தான், மொத்தமான ஆள், அடித்த பிறகு மட்டையைக் குனிந்து நிலத்தில் பக்குவமாக வைத்துவிட்டு ஓடுவான், பால் சட்டியை இறக்கி வைக்கிற மாதிரி. அவன் வந்தால் மட்டும் நான் அகப்பையோடு வந்து நின்று பார்ப்பேன். பேர் தெரியாது. தொப்பி போட்டால் எல்லாருக்கும் ஒரே முகம்தானே.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தில்லை, சீசன் முடியுமட்டும் ரீமை விட்டிடாதை" என்றார். ஓம் என்றேன். எத்தனையோ பேர் வந்து கேட்டும் அவர் ஒருவருக்கும் கொடுக்காத ஆள் ஒலிவேரா என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "அவன் என்ரை வலது கை" என்பார். அந்த வலது கையைத்தான் நான் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

ரீமை நான் எப்படிப் பார்த்தேன் என்று நீர் கேட்பீர். பார்த்தேன் தம்பி. இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, ஆனால் பச்சைப் பொத்தான் என்றால் ஓம், சிவப்பு என்றால் இல்லை, பேருக்குப் பக்கத்தில் சிவப்புச் சிலுவை என்றால் சுகமில்லாத ஆள். அதுவரைக்கும் பழகிவிட்டேன். சுகமில்லாதவனைக் கழித்துவிட்டு வேறு ஆளை எடுக்க வேண்டும் என்று உம்முடைய லீக் ஆட்கள் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னால் முடியவில்லை. முழங்கை உடைந்து கிடக்கிறவனை எப்படி வெளியே விடுகிறது? ஆறு பேர் படுக்கையில் கிடந்தார்கள், ஆறு பேரையும் வைத்திருந்தேன். மூன்றாம் இடத்தில் இருந்த ரீம் பதினோராம் இடத்துக்கு வந்தது. பிறகு வின்டர்ஸ் என்று ஒருத்தன். "அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, மூண்டு நாள் லீவு" என்று நிருபா சொன்னாள். பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, மூன்று நாளில் எந்தப் பெட்டை எழும்புவாள், இவன் என்ன அவசரத்தில் மைதானத்துக்கு வருகிறான் என்று நான் அவனை வெளியிலேயே இருத்திவிட்டேன். எனக்கும் செத்த வீட்டுத் துடக்கு, அவனுக்கும் பிறந்த வீட்டுத் துடக்கு, இரண்டையும் ஒரே ரீமில் கலக்கப் பயமாகவும் இருந்தது. அவன் நாலாம் நாளே வந்து அடி அடியென்று அடித்திருக்கிறான். ஒரு புள்ளி எங்களுக்கு வரவில்லை. நேற்றுத்தான் உள்ளே எடுத்தேன், நேற்று அவன் ஒன்றும் அடிக்கவில்லை.

கொஞ்சம் பொறும், கமலராணி அக்கா ஆள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா, அளவெடுக்க வேண்டும்.

இப்போது இரண்டு மணி. இருபத்து மூன்று மணித்தியாலம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் படையலுக்கு அவருக்கு விருப்பமானது எல்லாம் வைக்க வேண்டும் அல்லவா. கத்தரிக்காய்ப் பொரியல் குழம்பு, உழுந்து வடை, பாயாசம், சீனி போடாத கோப்பி, எல்லாம் இலையில் வைத்தேன். ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு அவருடைய போனையும் ரீமைத் திறந்து வடைக்குப் பக்கத்தில் வைத்தேன். வந்த சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது, ஐயர் அதற்கும் தண்ணீர் தெளித்தார். தெளித்த தண்ணீரும் தட்டுப்பட்ட பாயாசமும் போனில் வழிய, நான் சீலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். டிங் என்றது. இன்னும் துடைத்தேன். நிருபா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, போயிட்டான்" என்றாள். நான் அப்பாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "ஓம் பிள்ளை, போயிட்டார்" என்று அழத் தொடங்கினேன், வந்த சனமும் சேர்ந்து அழுதது. அவள் என்னைப் பிடித்து உலுக்கி, "அப்பா இல்லையம்மா, ஒலிவேரா" என்றாள்.

பாயாசத்தோடு சேர்த்துப் பச்சையையும் துடைத்திருக்கிறேன். பதிலுக்கு வந்தவனைப் பார்த்தேன். ஹாலண்டராம். முப்பத்தெட்டு வயது, சிவப்புச் சிலுவை, முழங்கால் போய் ஒரு மாதமாக விளையாடவில்லை. ஏழாவது நோயாளி.

உடனே அரியநாயகம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, கை தவறிப் பட்டுப்போச்சு, அவனைத் திருப்பித் தாங்கோ" என்றேன்.

"தங்கச்சி, அது அப்பிடிச் செய்யேலாது."

"ஏன் ஏலாது? செத்த வீட்டிலை ஆள் அசந்த நேரம் பாத்துத் தூக்கிப்போட்டு ஏலாது எண்டுறியள்."

"எல்லாம் போனுக்கை கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அஞ்சாம் வகுப்போடு நின்றவளைப் பார்த்து வாசிக்கச் சொல்கிறார் தம்பி. நிருபாவோ அப்பாவுக்கு வந்த தகவல் ஒன்றையும் திறக்க மாட்டேன் என்று நிற்கிறாள், திறந்தால் அப்பாவோடு எல்லாம் முடிந்துவிடுமாம். அவளை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த மனிசனைச் சும்மா விடுகிறது சரியில்லை. இலையில் வைத்த வடை ஆற முதல் களவெடுத்த ஆள் அவர். உங்கள் லீக்கில் பெரிய மனிசர் என்று வைத்திருக்கிறீர்கள், கேட்டு வையும்.

தம்பி, எனக்குக் கோப்பை வேண்டாம். பன்னிரண்டாம் இடம் வந்தாலும் காரியமில்லை. ஒரு சொல் கேட்டார், ஓம் என்றேன், அது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். தயவுசெய்து நாளை ஒரு மணிக்கு முதல் நிற்பாட்டும். ஒரு மணி என்றால் உமக்குக் காலமை ஏழு, எழும்பின உடனே செய்யும், முகம் பிறகு கழுவலாம்.

சுபாங்கிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லும். நீங்கள் எல்லாரும் தீர்க்காயுளோடு, கை கால் சுகத்தோடு, சிலுவை விழாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய மச்சாள்
பொன்னம்பலம் தில்லைநாயகி

பி.கு: தம்பி, நிற்பாட்ட வேண்டாம். ஒன்றையும் தொட வேண்டாம்.

முதல் பக்கங்களை நிருபா அனுப்பிவிட்டாள், இனி மறிக்க வழியில்லை. கடைசிப் பக்கத்தைப் படம் பிடிக்கும்போது வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டு அப்பாவின் போனை எடுத்துத் திறந்தாள். நான் துடைத்ததால் ஒன்றும் நடக்கவில்லையாம். அந்த ட்ரேட்டைக் கேட்டவர் அரியநாயகம் அண்ணை இல்லை. கேட்டவர் இவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, யூன் பதினேழாம் திகதி, போக நாலு நாளுக்கு முதல். அரியநாயகம் அண்ணை ஓம் என்று சொல்ல மனமில்லாமல் இவ்வளவு நாளும் வைத்திருந்து முப்பத்தொன்று அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். கீழே இவர் தமிழை இங்கிலீசு எழுத்தில் எழுதியிருந்தார். நிருபா தட்டித் தட்டி வாசித்தாள்: "அரியம், ஒலிவேராவை நீ எடு. ஹாலண்டரைத் தா. அவன் மட்டையை வைக்கிற விதம் தில்லைக்கு விருப்பம். நான் இல்லாட்டில் அவள் ரீவிக்கு முன்னாலை வந்து நிக்க ஒரு ஆள் வேணும்."

நிருபா வீடியோ எடுத்துக் காட்டினாள். அவன்தான்.

அரியநாயகம் அண்ணையைப் பற்றி எழுதிய இடத்தை நீர் விரலால் மறைத்துக்கொண்டு வாசியும். ஆனாலும் ஒலிவேராவை வாங்கினவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹாலண்டரின் முழங்கால் எப்போது சுகம் வரும் என்று விசாரித்து உடனே எழுதும். அன்றைக்குக் காலமை நான் கடைக்கு லீவு சொல்ல வேண்டும்.